ஆட்டை நாயாக்கிய மூன்று குரல்கள்

ஹிதோபதேசத்தில் ஓர் அந்தணரின் கதை வருகிறது. பஞ்சதந்திரத்திலும் அது சிறு வேறுபாடுகளோடு இடம்பெற்றுள்ளது. வேள்வி செய்ய விரும்பிய அந்தணர் அயலூர் சென்று ஓர் ஆட்டை வாங்கி, அதைத் தோளில் சுமந்தபடி வீடு திரும்பிக்கொண்டிருந்தார். அதைக் கண்ட மூன்று வஞ்சகர்கள் ஆட்டைக் கவர எண்ணி, அவர் வரும் வழியில் நெடுந்தொலைவு இடைவெளி விட்டு, மரத்துக்கு ஒருவராக நின்றுகொண்டனர்.

நாயை ஏன் தோளில் சுமந்து செல்கிறீர் என்று கேட்டான் முதலாமவன். இது நாயல்ல, வேள்விக்குரிய ஆடு என்று விடையளித்துவிட்டு அவர் நடந்தார். சற்றுத் தொலைவு சென்றதும் இரண்டாமவன் அதே கேள்வியைக் கேட்டான். அந்தணர் ஆட்டைத் தரையில் இறக்கி வைத்து, மீண்டும் மீண்டும் உற்றுப் பார்த்தார். மறுபடி தோளில் ஏற்றிக்கொண்டார். ஆனால் அப்போதே அவரது மனம் ஊசலாடத் தொடங்கிவிட்டது. மூன்றாமவனும் அதையே கேட்டபோது, இது நாயாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டினார். ஆட்டை அங்கேயே விட்டுவிட்டு, தீட்டு நீங்க நீராடி, வெறுங்கையோடு வீடு திரும்பினார்.

குழந்தைகளுக்குச் சொல்லும் வேடிக்கைக் கதையாகவே இது பெரும்பாலும் கருதப்படுகிறது. ஆனால் கதையின் நடுப்பகுதி ஆழ்ந்த கவனத்துக்குரியது. அந்தணர் கண்ணை மூடிக்கொண்டு பிறர் சொல்லை நம்பியவர் அல்லர். ஆட்டை இறக்கி வைத்துச் சோதித்தார். கண்கள் தம் கடமையைப் பிழையின்றிச் செய்தன. ஆயினும் அந்தச் சோதனைக்குப் பிறகுதான் அவரது உறுதி குலைந்தது. தம் இரு கண்கள் சொன்னதைவிட அயலார் வாய்கள் சொன்னது அவருக்கு எடை மிகுந்ததாகப் பட்டது.

புறத்திலிருந்து வரும் தாக்கங்கள் மனிதனின் பார்வையையும் செயலையும் எவ்வாறு ஆட்கொள்கின்றன? சாதகனுக்கு இது ஏட்டளவில் நிற்கும் வினா அன்று. தன்னுடைய எண்ணங்கள் என்று அவன் போற்றுபவற்றுள் எவை தானே கண்டறிந்தவை, எவை வழியோரத்தில் நின்றவர்கள் ஏற்றிவிட்டவை என்று அறியாதவரை தன்னை அறியும் முயற்சி முதற்படியையும் தாண்டாது.

கோடுகள் புகட்டிய பாடம்

கதையாசிரியர் கற்பனையில் செய்த சோதனையை, பல நூற்றாண்டுகளுக்குப் பின் உளவியலாளர் ஒருவர் அறைக்குள் செய்து பார்த்தார். போலந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த சாலமன் ஆஷ் என்பவரே அவர். 1951-இல் தொடங்கி அவர் வெளியிட்ட ஆய்வுகள் இன்றும் உளவியல் மாணவர்களுக்குப் பாடமாக உள்ளன.

சோதனை மிக எளியது. ஏழு முதல் ஒன்பது மாணவர்கள் ஓர் அறையில் அமர்ந்திருப்பர். அவர்களுக்கு ஓர் அட்டையில் ஒரு கோடும், மற்றோர் அட்டையில் வெவ்வேறு நீளமுள்ள மூன்று கோடுகளும் காட்டப்படும். மூன்றில் எது முதல் கோட்டுக்குச் சமமான நீளமுடையது என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். விடை கண்ணுக்கு நேரே தெரியும். தனியாக இருந்து விடை சொன்னவர்களின் பிழை நூற்றுக்கு ஒன்றைக்கூட எட்டவில்லை.

ஆனால் அந்த அறையில் ஒருவரைத் தவிர ஏனைய அனைவரும் ஆய்வாளரோடு முன்பே பேசி வைத்துக்கொண்டவர்கள். பதினெட்டு முறை அட்டைகள் காட்டப்பட்டன. அவற்றுள் பன்னிரண்டு முறை அவர்கள் அனைவரும் ஒரே தவறான விடையைத் தயக்கமின்றிச் சொன்னார்கள். உண்மை அறியாத அந்த ஒருவர் வரிசையின் கடைசிப் பகுதியில் அமர்த்தப்பட்டிருந்தார். தம் கண் ஒன்று சொல்ல, சூழ்ந்திருப்போர் அனைவரும் வேறொன்று சொல்வதைக் கேட்டுவிட்டு அவர் வாய்திறக்க வேண்டும்.

1955-இல் ஆஷ் தொகுத்துத் தந்த கணக்கில் இவ்வாறு சோதிக்கப்பட்ட மாணவர்கள் 123 பேர். அவர்கள் பெரும்பான்மையின் அழுத்தத்துக்கு ஆட்பட்டுச் சொன்ன விடைகளில் 36.8 விழுக்காடு தவறானவை. ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் ஒரு முறையேனும் கூட்டத்தோடு சேர்ந்து பிழை சொன்னார்கள்.

கூட்டத்தின் அளவை மாற்றியும் ஆஷ் ஆராய்ந்தார். ஒருவர் மட்டும் மறுத்துச் சொன்னபோது மாணவர்கள் பெரும்பாலும் அசையவில்லை. இருவர் மறுத்தபோது தவறு 13.6 விழுக்காடாயிற்று. மூவர் மறுத்தபோது 31.8 விழுக்காடாக உயர்ந்தது. அதற்குமேல் எத்தனை பேரைச் சேர்த்தாலும் பெரிய மாற்றம் ஏற்படவில்லை. ஹிதோபதேசத்தின் வஞ்சகர்களும் மூவரே என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. முதல் குரலை அந்தணர் ஒதுக்கினார், இரண்டாவது குரல் அவரை அசைத்தது, மூன்றாவது வீழ்த்தியது.

சோதனை முடிந்ததும் ஆஷ் மாணவர்களோடு உரையாடினார். பணிந்துபோனவர்கள் மூன்று வகையினராக இருந்தனர். மிகச் சிலர் கூட்டம் சொன்ன கோடே தம் கண்ணுக்கும் சமமாகத் தோன்றியதாகக் கூறினர். இவர்களுடைய காட்சியே திரிந்திருந்தது. பெரும்பாலோர் தம் கண்ணுக்கு வேறாகத் தெரிந்தும், இத்தனை பேர் சொல்வதால் பிழை தம்மிடம்தான் இருக்க வேண்டும் என்று கருதினர். இவர்களிடம் திரிந்தது தீர்ப்பு. மூன்றாம் வகையினர் தம் பார்வை சரியென்று அறிந்திருந்தும், தனித்து நிற்க அஞ்சி, வாயளவில் இணங்கிப் போயினர். இவர்களிடம் திரிந்தது செயல்.

இந்திய தத்துவ மரபு அகக்கருவியைப் பகுத்துக் காட்டும் முறையை அறிந்தவர்களுக்கு இப்பகுப்பு அந்நியமாகத் தோன்றாது. புலன்கள் கொணர்வதை ஏற்று, அதுவோ இதுவோ என்று ஊசலாடுவது மனம். இதுவே என்று நிச்சயிப்பது புத்தி. நான் எங்கே நிற்கிறேன், என்னைப் பற்றிப் பிறர் என்ன நினைப்பார்கள் என்று கவலைகொள்வது அகங்காரம். புறத்தாக்கம் இந்த மூன்று வாயில்களில் எதன் வழியாகவும் நுழையும். கோட்டைக்கு மூன்று வாயில்கள் இருக்க, ஒன்றை மட்டும் காவல் காப்பவன் பாதுகாப்பாக இருப்பதாக எண்ணுவது பேதைமை.

இருட்டறையில் ஓர் ஒளிப்புள்ளி

ஆஷின் மாணவர்களுக்கு விடை தெளிவாகத் தெரிந்தது. விடை தெளிவில்லாத இடத்தில் என்ன நிகழும்? துருக்கியில் பிறந்த முஸாபர் ஷெரிஃப் 1935-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது.

முற்றிலும் இருண்ட அறையில் அசையாத சிறு ஒளிப்புள்ளி ஒன்றை உற்றுப் பார்ப்பவருக்கு, சிறிது நேரத்தில் அது நகர்வதாகத் தோன்றும். ஒப்பிட்டுப் பார்க்க வேறு பொருள் எதுவும் இல்லாததால் உண்டாகும் மாயத் தோற்றம் அது. எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று தனித்தனியே கேட்டபோது ஒவ்வொருவரும் ஒவ்வோர் அளவு சொன்னார்கள். இரண்டு மூன்று பேரை ஒன்றாக அமர்த்திக் கேட்டபோது, யாரும் யாரையும் வற்புறுத்தாமலே, அவர்கள் சொன்ன அளவுகள் மெல்ல நெருங்கி வந்து பொதுவான ஓர் அளவில் நிலைபெற்றன. பின்னர் அவர்களைப் பிரித்துத் தனியாகக் கேட்டபோதும் குழுவில் கற்ற அளவையே சொன்னார்கள். குழு கலைந்துவிட்டது, அதன் அளவுகோல் ஒவ்வொருவர் உள்ளத்திலும் தங்கிவிட்டது.

1961-இல் ஜேக்கப்ஸ், கேம்பெல் ஆகிய இருவர் இதனை மேலும் ஒரு படி கொண்டு சென்றனர். மிகையான அளவொன்றைச் சொல்லும்படி ஏற்பாடு செய்யப்பட்டவர்களைக் குழுவில் முதலில் அமர்த்தினர். பிறகு அவர்களை ஒவ்வொருவராக நீக்கி, புதியவர்களைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். அந்த மிகையை முதலில் சொன்னவர் ஒருவர்கூட அறையில் இல்லாத நிலையிலும், அடுத்தடுத்து வந்த சில தலைமுறையினரிடம் அதன் சாயல் நீடித்தது. பின்னரே மெல்லத் தேய்ந்து மறைந்தது.

அசையாத ஒன்று அசைகிறது என்பதில் அனைவரும் உடன்பட்டிருந்தார்கள். எவ்வளவு அசைகிறது என்பதில்தான் அவர்களுக்குப் பேச்சு. பரம்பரையாக வரும் பகைமைகளும், இன்னாரைத் தொடலாகாது, இன்னாரை நம்பலாகாது என்னும் வழக்கங்களும் பல இடங்களில் இவ்வாறே வாழ்கின்றன. தொடங்கி வைத்தவர் எவர் என்பது எவருக்கும் தெரியாது. தொடர்பவர்களோ அதைத் தம் சொந்த அனுபவம் என்றே சாதிப்பார்கள்.

கயிறு பாம்பாவது எப்போது?

அத்வைத ஆசாரியர்கள் கயிற்றில் பாம்பைக் காணும் உவமையை மீண்டும் மீண்டும் கையாண்டுள்ளனர். அது உலகின் மெய்ப்பொருளை விளக்க எழுந்த உவமை. எனினும் அன்றாடப் பிழைக்காட்சியின் இயக்கத்தையும் அது நுட்பமாகக் காட்டுகிறது.

முழு வெளிச்சத்தில் கயிறு பாம்பாவதில்லை. முழு இருட்டிலும் ஆவதில்லை. அங்கே எதுவுமே தெரியாது. அரைகுறை வெளிச்சத்தில்தான் பாம்பு தோன்றும். ஏதோ ஒன்று கிடக்கிறது என்ற பொது அறிவு இருக்க வேண்டும். அது கயிறு என்ற சிறப்பறிவு மறைந்திருக்க வேண்டும். மூன்றாவதாக இன்னொன்றும் வேண்டும். காண்பவன் உள்ளத்தில் பாம்பைப் பற்றிய பதிவு முன்பே இருக்க வேண்டும். பாம்பைக் கண்டும் கேட்டும் அறியாத ஒருவனுக்குக் கயிறு ஒருபோதும் பாம்பாகத் தெரியாது. முன்பு எங்கோ கண்டது, இப்போது வேறோர் இடத்தில், நினைவின் வடிவில் தோன்றுவதே அத்யாஸம் என்று சங்கரர் தம் பிரம்மசூத்திர உரையின் முன்னுரையில் விளக்குகிறார். ஆகவே காட்சி என்பது கண்ணின் வேலை மட்டுமன்று. முன்பு உள்ளே புகுந்தவை எல்லாம் கண்ணோடு சேர்ந்து நின்று பார்க்கின்றன.

இந்த உண்மையை 2018-ஆம் ஆண்டு இந்தியா மிகக் கசப்பான முறையில் கற்றது. குழந்தைகளைக் கடத்தும் கும்பல்கள் ஊருக்குள் திரிகின்றன என்ற வதந்தி அவ்வாண்டு வாட்ஸ்அப் வழியாக மாநிலம் மாநிலமாகப் பரவியது. அதனோடு வலம் வந்த காணொளிகளுள் ஒன்றில், இருசக்கர வண்டியில் வரும் இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிச் செல்கிறார்கள். உண்மையில் அது குழந்தைகளின் பாதுகாப்பைப் பற்றி மக்களுக்கு விழிப்புணர்வு ஊட்டுவதற்காகப் பாகிஸ்தானின் கராச்சி நகரில் நடித்து எடுக்கப்பட்ட படம். அதன் இறுதியில் சிறுவன் திருப்பி விடப்படுகிறான். அறிவுரை எழுதிய பலகை காட்டப்படுகிறது. யாரோ அந்த இறுதிப் பகுதியை வெட்டிவிட்டார்கள். எஞ்சியது அச்சம் மட்டுமே.

2018 ஜூலை 1, ஞாயிற்றுக்கிழமை. மகாராஷ்டிர மாநிலம் துலே மாவட்டத்தில் உள்ள ராயின்பாடா என்னும் சிற்றூரில் வாரச்சந்தை கூடியிருந்தது. சோலாப்பூர்ப் பகுதியிலிருந்து வந்திருந்த ஐந்து ஆண்கள் அங்கே இருந்தனர். ஊர் ஊராகச் சென்று யாசித்து வாழும் வழக்கமுடைய நாத்பந்தி டவரி கோசாவி என்னும் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள் அவர்கள். குழந்தை ஒன்றிடம் அவர்கள் பேசியதாக எழுந்த ஐயம் நொடியில் கூட்டமாகத் திரண்டது. ஊராட்சி அலுவலகத்துக்குள் அடைக்கப்பட்ட ஐவரும் அங்கேயே அடித்துக் கொல்லப்பட்டனர். அவர்கள் எந்தக் குழந்தையையும் கடத்த வந்தவர்கள் அல்லர்.

கயிறு, அரைவெளிச்சம், பதிவு ஆகிய மூன்றும் இங்கே இருந்தன. யாசிக்க வந்த அந்நியர்கள் கயிறு. யாரோ வெளியூரார் என்ற பொது அறிவும், எவர் என்ற சிறப்பறிவு இன்மையும் அரைவெளிச்சம். கைபேசித் திரையிலிருந்து உள்ளத்தில் இறங்கியிருந்த காணொளி, பாம்பின் பதிவு. துறவியும் யாசகனும் வாசலுக்கு வந்தால் ஒரு பிடி அன்னம் இடுவதை அறமாகக் கொண்ட நாட்டில், வழிவழியாக யாசித்து வாழ்ந்தோர் குழந்தை கடத்துவோராகக் காணப்பட்டார்கள். அவர்களில் எதுவும் மாறவில்லை. கண்டவர்களின் உள்ளே இருந்த பதிவு மாறியிருந்தது.

கயிற்றில் தோன்றிய பாம்பை நீக்கக் கோல் உதவாது. விளக்கே வேண்டும் என்பது அந்த உவமையின் முடிவு. ராயின்பாடாவில் ஒரு சில கேள்விகளே விளக்காக இருந்திருக்கும். கூட்டத்துக்கு விளக்கைத் தேடும் பொறுமை இல்லை. அதன் கையில் கோல் இருந்தது.

அதே ஜூலை மாதத்தில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதபடி கட்டுப்பாடு விதித்தது. 2019 ஜனவரியில் அக்கட்டுப்பாடு உலகெங்கும் விரிவாக்கப்பட்டது. கருவியின் வேகத்தைக் கருவி செய்தவர் குறைக்கலாம். செய்தியைக் கண்டவுடன் அதைப் பிறருக்கு அனுப்பத் துடிக்கும் விரலின் வேகத்தை விரலுக்குரியவரே குறைக்க வேண்டும்.

அறம் கற்றவனையும் விடாத அவசரம்

இத்தகைய பிழைகள் கல்லாதவர்களுக்கும் கூட்டத்தில் சிக்கியவர்களுக்கும் உரியவை, நற்கருத்துகளில் தோய்ந்தவர்களை இவை தீண்டா என்று கருதுபவர்கள் உண்டு. 1973-இல் வெளியான ஓர் ஆய்வு இந்த நிறைவுணர்வைக் கலைக்கிறது. டார்லி, பேட்சன் என்னும் இருவர் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள் 40 பேரிடம் அதை நடத்தினர்.

மாணவர்கள் ஒவ்வொருவராக வேறொரு கட்டடத்துக்குச் சென்று சிறு சொற்பொழிவு ஆற்ற வேண்டும் என்று கூறப்பட்டது. அவர்களுள் ஒரு பகுதியினருக்குத் தரப்பட்ட தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்த அந்நியனுக்கு உதவிய நல்ல சமாரியனைப் பற்றி இயேசுபிரான் சொன்ன உவமைக் கதை. சிலரிடம் நேரம் நிறைய இருக்கிறது என்றும், சிலரிடம் சரியான நேரம் என்றும், சிலரிடம் ஏற்கெனவே தாமதமாகிவிட்டது என்றும் சொல்லி அனுப்பினார்கள். செல்லும் வழியில் ஒருவர் வாசற்படியில் சரிந்து, இருமி முனகிக்கொண்டிருக்கும்படி ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது.

அவசரமின்றிச் சென்றவர்களில் 63 விழுக்காட்டினர் நின்று உதவ முன்வந்தனர். ஓரளவு அவசரத்தில் இருந்தவர்களில் 45 விழுக்காட்டினர் உதவினர். மிகுந்த அவசரத்தில் இருந்தவர்களில் உதவியவர்கள் 10 விழுக்காட்டினரே. எந்தத் தலைப்பில் பேசச் சென்றார்கள் என்பது குறிப்பிடத்தக்க மாறுதல் எதையும் உண்டாக்கவில்லை. வீழ்ந்து கிடந்தவனுக்கு உதவிய நல்லவனைப் பற்றி உபதேசிக்க விரைந்தவர்கள், வீழ்ந்து கிடந்தவரைக் கடந்து சென்றார்கள்.

நாற்பது பேரை மட்டும் கொண்டு செய்த சிறிய ஆய்வு இது. எனினும் ஒவ்வொரு சாதகனும் தன் நாளை நினைத்துப் பார்த்தால் இதன் உண்மை விளங்கும். ஆலயத்துக்கோ பிரார்த்தனைக் கூட்டத்துக்கோ காலந்தாழ்ந்து விரைகையில் வழியில் நின்றவரிடம் காட்டிய கடுமை, பூசை நேரத்தில் குறுக்கே வந்த குழந்தையின் மீது எழுந்த சினம், இவையெல்லாம் அவன் அறியாதவை அல்ல. அந்த மாணவர்கள் தீயவர்கள் அல்லர். ஒருவர் வாயிலிருந்து வந்த ‘தாமதமாகிவிட்டது’ என்னும் ஒரு சொல் அவர்களது பார்வையைச் சுருக்கிவிட்டது. கற்ற அறம் நினைவில் இருந்தது. அதை நோக்கித் திரும்பக் கழுத்துக்கு நேரமில்லை.

ஸ்படிகமும் செம்பருத்தியும்

இவ்வளவையும் கேட்டபின் ஒருவனுக்கு ஐயம் எழலாம். சூழலே மனிதனை ஆக்குகிறது என்றால் அவனிடம் பொறுப்பு எங்கே இருக்கிறது? விடுதலை எங்கே இருக்கிறது?

முதலில் ஒன்றைத் தெளிந்துகொள்ள வேண்டும். புறத்தாக்கம் அனைத்தும் தீமை அன்று. பேசும் மொழி, உண்ணும் முறை, பெரியோரைக் கண்டால் கைகூப்பும் வழக்கம் என ஒவ்வொன்றையும் குழந்தை வெளியிலிருந்தே பெறுகிறது. திருவள்ளுவர் சிற்றினம் சேராமை என்று ஓர் அதிகாரம் வகுத்து, நிலத்தின் இயல்பால் நீர் மாறுவதை அங்கே உவமையாக்குகிறார். அதற்கு முந்திய அதிகாரம் பெரியாரைத் துணைக்கோடல். தாக்கம் இல்லாமல் வாழ்வதற்கு வள்ளுவர் வழி சொல்லவில்லை. எத்தகைய தாக்கத்தில் வாழ்வது என்று தேர்ந்தெடுக்கவே சொல்கிறார். சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பு என்று சைவ சித்தாந்தமும் கூறுகிறது. உயிரின் கட்டுக்குக் காரணமான அந்த இயல்பே, திருவருளைச் சாரும்போது அதன் மீட்சிக்கும் வாயிலாகிறது.

இரண்டாவதாக, ஸ்படிகத்தின் உவமையைக் கருதலாம். தூய ஸ்படிகத்தின் அருகே செம்பருத்தி மலரை வைத்தால் ஸ்படிகம் சிவப்பாகத் தெரிகிறது. அந்தச் சிவப்பு ஸ்படிகத்துக்குள் ஊறிவிடவில்லை. மலரை அகற்றினால் அது பழையபடி விளங்கும். மனிதனிடத்தில் ஸ்படிகத்துக்கு இல்லாத ஒரு சிறப்பும் இருக்கிறது. தன்மீது சிவப்புப் படிந்திருப்பதை அவனால் அறிய முடியும். தன்னுள் எழும் அச்சத்தையும் ஆவலையும் சற்று விலகி நின்று பார்க்கும் சாட்சி அவனுக்குள் உண்டு. அறியப்பட்ட தாக்கம் பாதி வலிமையை அக்கணமே இழந்துவிடுகிறது.

ஆஷின் ஆய்விலும் இதற்குச் சான்று உள்ளது. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் கடைசிவரை ஒரு முறைகூடப் பணியவில்லை. அவர்கள் ஐயமே இல்லாத கல்மனத்தவர்கள் அல்லர். அவர்களுள்ளும் ஐயம் எழுந்தது. ஐயத்தோடும் அவர்கள் கண்டதைச் சொன்னார்கள். உறுதி என்பதற்கு நடுக்கம் இல்லாமை என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை. நடுக்கத்தினூடே மெய்யை விடாதிருத்தல் என்று பொருள் கொண்டால் போதும்.

சாதகன் கைக்கொள்ளத்தக்கவை

முதலாவது, தாமதித்தல். பகவத்கீதையின் இரண்டாம் அத்தியாயம் வீழ்ச்சியின் படிகளை வரிசைப்படுத்துகிறது. பொருளைப் பற்றி ஓயாமல் எண்ணுவதால் பற்றும், பற்றால் ஆசையும், ஆசையால் சினமும், சினத்தால் மயக்கமும், மயக்கத்தால் நினைவின் குழப்பமும், அதனால் புத்தியின் அழிவும், அதனால் முழு நாசமும் விளைகின்றன. கடைசிப் படியில் நிற்பவனைத் தடுக்க யாராலும் இயலாது. முதற்படியில் திரும்புவது எளிது. ஆகவே உள்ளே என்ன நுழைகிறது என்பதில் காவல் வேண்டும். உள்ளத்தைப் பதறச் செய்யும் செய்தி வந்தால், அதை நம்புவதற்கும் பரப்புவதற்கும் முன் ஒரு வேளைப் பொழுதாவது காத்திருப்பது நல்லது. பதற்றமே அரைவெளிச்சம்.

இரண்டாவது, ஆதாரம் வினவுதல். கேசபுத்தம் என்னும் ஊரில் வாழ்ந்த காலாமர்கள், பல ஆசிரியர்கள் பலவாறு சொல்கிறார்களே, யாரை நம்புவது என்று புத்தர்பிரானிடம் கேட்டார்கள். செவிவழிச் செய்தி என்பதாலோ, மரபு என்பதாலோ, நூலில் இருப்பது என்பதாலோ, சொல்பவர் தம் ஆசான் என்பதாலோ மட்டும் எதையும் ஏற்க வேண்டாம். எது தீங்கு விளைவிப்பது, எது நன்மை பயப்பது என்று தாமே அறிந்து, தீயதை விட்டு நல்லதைக் கைக்கொள்ளுமாறு அவர் அறிவுறுத்தினார். யார் சொன்னாலும் மெய்ப்பொருளைக் காண்பதே அறிவு என்ற வள்ளுவர் கருத்தும் இதுவே.

மூன்றாவது, நல்ல துணை. ஆஷ் தம் சோதனையில் ஒரு சிறு மாற்றம் செய்தார். கூட்டத்தில் ஒரே ஒருவரை மட்டும் சரியான விடை சொல்லும்படி அமர்த்தினார். அந்த ஒரு துணை கிடைத்ததும் கூட்டத்தின் வலிமை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிரம் நடத்திய கீழ்ப்படிதல் ஆய்வும் இதையே காட்டுகிறது. 1963-இல் வெளியான முதல் அறிக்கையின்படி, அதிகாரியின் சொல்லுக்காக அடுத்த அறையில் இருப்பவருக்கு மின்னதிர்ச்சி தருவதாக நம்பிக்கொண்டே 40 பேரில் 26 பேர் உச்ச அளவான 450 வோல்ட் வரை சென்றார்கள். உண்மையில் அடுத்த அறையில் இருந்தவருக்கு அதிர்ச்சி தரப்படவில்லை. பின்னர் செய்த ஒரு சோதனையில், உடனிருந்த இருவர் மறுத்து எழுந்ததைக் கண்டதும், 40 பேரில் 36 பேர் தாமும் மறுத்துவிட்டார்கள்.

சத்சங்கத்தின் பயன் இங்கே விளங்குகிறது. நல்லோர் நட்பு இனிய பொழுதுபோக்கு அன்று. ஆட்டை ஆடு என்று சொல்ல இன்னொரு வாய் அருகில் இருக்கிறது என்ற பலம் அது. இதற்கு மறுபக்கமும் உண்டு. குடும்பத்திலோ அலுவலகத்திலோ தெருவிலோ அனைவரும் ஒருமுகமாகத் தவறான ஒன்றை நோக்கிச் செல்லும்போது, அங்கே வாய்மூடி நிற்கும் சிலர் முதல் மறுப்புக்காகக் காத்திருக்கக்கூடும். பணிவோடு, சினமின்றி, ‘இது உண்மைதானா?’ என்று கேட்கும் முதல் குரலாவது சாதகனின் கடமை. சில வேளைகளில் அது ஓர் உயிரைக் காக்கும்.

நான்காவது, தனிமை. கூட்டத்தின் முன் சொல்லாமல் தாளில் தனியே எழுதித் தரலாம் என்று சொன்னபோது ஆஷின் மாணவர்களது பிழைகள் பெரிதும் குறைந்தன. நாளின் முடிவில் சிறிது நேரம் தனித்திருந்து, இன்று தான் கொண்ட முடிவுகளில் எவை யாருடைய சொல்லால் விளைந்தவை என்று எழுதிப் பார்ப்பது பயன் தரும். வெறுப்போ தீய எண்ணமோ உள்ளே தங்கியிருப்பது தெரிந்தால், அதற்கு நேரெதிரான எண்ணத்தை வளர்க்கும்படி பதஞ்சலி முனிவர் யோகசூத்திரத்தின் இரண்டாம் பாதத்தில் கூறுகிறார். காலியான நிலத்தில் களை மீண்டும் முளைக்கும். பயிரிட்ட நிலத்தில் அதற்கு இடமில்லை.

அந்தணர் மூன்றாவது மரத்தைக் கடந்தபோது அவர் தோளில் இருந்தது ஆடுதான். அவரது பையில் வேறு சான்று எதுவும் தேவைப்படவில்லை. ஒரு கணம் நின்று, ஆட்டின் குரலைக் கேட்டிருந்தால் போதும். வாழ்க்கைப் பாதையில் இன்னும் எத்தனையோ மரங்கள் உள்ளன. ஒவ்வொன்றின் நிழலிலும் ஒருவர் நின்று ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர்களுள் நல்லவர்களும் உண்டு, வஞ்சகர்களும் உண்டு. எவராயினும் அவர் சொல்லைச் செவிமடுத்து, சுமையை இறக்கி வைத்து, விளக்கை ஏற்றிப் பார்த்து, கண்டதை விடாமல் மேலே நடப்பவனே விவேகி.

சிந்தனைக்கு

1. உறுதியாக நம்பும் கருத்துகளுள் நேரில் கண்டறியாமல் பலர் சொல்லக் கேட்டு ஏற்றவை எவை?

2. கடந்த ஒரு வாரத்தில் அவசரத்தின் காரணமாகக் கண்டும் காணாமல் கடந்து சென்ற மனிதர் யார்?

3. அனைவரும் ஒன்றைச் சொல்ல, உண்மை வேறெனத் தெரிந்தும் வாய்மூடி நின்ற வேளை எது? மீண்டும் அத்தகைய வேளை வந்தால் எந்தச் சொற்களால் பேசுவது பொருந்தும்?